மாரிகாலத்துக்கு முன்

1939 ஜூன் 12 அன்று நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபருக்கு வயது 33. ஜெர்மனியில் ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் அவர் போதகர்களுக்கு நடத்திய பயிற்சிப் பள்ளியை 1937இலேயே ஹிட்லரின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ பூட்டி முத்திரை வைத்துவிட்டது. இரட்டையராகப் பிறந்த சகோதரி சபீனாவின் கணவர் யூத வழி வந்தவர். அந்தக் குடும்பம் 1938இல் இங்கிலாந்துக்குத் தப்பிப் போயிருந்தது. 1906இல் பிறந்தவர்களுக்குப் படையில் சேரும் ஆணை வரவிருந்தது. ஹிட்லரின் படையில் சேர அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. மறுத்தாலோ, சபைமேல் நாஜிகளின் பிடியை எதிர்த்து அவரோடு நிற்கும் அறிக்கைச் சபை முழுவதன்மேலும் ராஜதுரோகப் பழி விழும். அமெரிக்காவில் இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபூரும் நண்பர் பால் லேமனும் கல்லூரிகளுக்கெல்லாம் எழுதி, அவருக்கு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். ஜெர்மானிய அகதிகளிடையே ஊழியம், விரிவுரைகள், தங்க அறை எல்லாம் தயார்.

நம் சபைகளின் பேச்சுவழக்கில் இதற்குச் சொல்லும் வார்த்தை எல்லாருக்கும் தெரியும்: கர்த்தர் கதவைத் திறந்தார். சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, தடைகள் ஒவ்வொன்றாக விலகின, ஆகவே இது தேவசித்தம். போன்ஹோஃபருக்கும் தடைகள் அத்தனையும் விலகியிருந்தன. ஆனால் கரையேறிய மறுநாளிலிருந்தே அவருக்கு நிம்மதி இல்லை.

அந்த நாட்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. தேவசித்தத்தைப் பற்றி யோசிக்கிற எவருக்கும் பல பிரசங்க நூல்களைவிட அந்தச் சில வாரக் குறிப்புகள் உதவும் என்பது என் எண்ணம். யூனியன் இறையியல் கல்லூரித் தலைவரின் கிராமத்து வீட்டில் முதல் நாட்கள் கழிகின்றன. இரவில் தோட்டம் முழுக்க மின்மினிகள். பறந்துகொண்டே ஒளிரும் பூச்சிகளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அந்த வியப்பை எழுதிய கையே, ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தியும் இல்லையே, சகோதரர்கள் என்ன ஆனார்களோ என்றும் எழுதுகிறது. நகரத்துக்குத் திரும்பியதும் கல்லூரியில் ‘தீர்க்கதரிசியின் அறை’ என்று பெயர்பெற்ற விருந்தினர் அறையில் தங்குகிறார். சூனேமியாள் எலிசாவுக்குக் கட்டிக்கொடுத்த மேல்வீட்டு அறையின் நினைவாக வந்த பெயர். கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு என்று அவளைப் போலவே அவர்களும் எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். அவருக்குத்தான் அந்த அறையில் இருப்புக் கொள்ளவில்லை. டைம்ஸ் சதுக்கத்தில் மணிக்கணக்காக நடக்கிறார். திரையரங்கில் செய்திப்படம் பார்க்கிறார். ஞாயிறன்று ஒரு பெரிய ஆலயத்துக்குப் போய், பிரசங்கத்தில் கிறிஸ்து இல்லையே என்று வருந்தி வெளியே வருகிறார். மாலையில் வேறொரு ஆலயத்தில் பிரசங்கம் கேட்டு மனம் ஆறுகிறார்.

ஜூன் 20 அன்று அகதிகள் ஊழியத்துக்குப் பொறுப்பான ஹென்றி லைப்பரைச் சந்தித்து, அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதை ஏற்றால் ஜெர்மனிக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அன்றிரவு எழுதிய குறிப்புதான் என்னைப் பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருக்கிறது. தேவன் பேசினார், தெளிவு கிடைத்தது என்று அதில் இல்லை. தன் முடிவுகளின் உண்மையான காரணம் தனக்கே முழுதாய்த் தெரிவதில்லை என்கிறார். சொல்லும் காரணம் ஒன்று, உள்ளே இழுப்பது வேறொன்றாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். கடைசியில், இந்த நாளையும் இந்த முடிவையும் தேவன் இரக்கத்தோடு நியாயந்தீர்க்க வேண்டும், இனி எல்லாம் அவர் கையில் என்று எழுதி முடிக்கிறார்.

விசுவாசத்தின் இருபதாம் நூற்றாண்டுச் சாட்சிகளில் முதல் வரிசையில் வைக்கப்படும் ஒரு மனிதர், தன் வாழ்வின் மிகப் பெரிய முடிவை எடுத்த இரவில் எழுதியது இது. நிச்சயம் வந்த பிறகு அவர் நடக்கவில்லை. நடந்துவிட்டு, நிச்சயமின்மையைத் தேவனிடம் ஒப்படைத்தார். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகக் கேட்கிறோம். முதலில் நிச்சயத்தைத் தாரும், பிறகு நடக்கிறேன் என்கிறோம். அந்த நிச்சயத்துக்காகக் காத்திருந்து, செய்ய வேண்டியதன் வேளை கடந்துபோன வீடுகளை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும்.

ஆறு நாள் கழித்து, ஜூன் 26 அன்று, தற்செயலாக ஒரு வசனம் அவர் கண்ணில் பட்டது. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசிப் பகுதி. மாரிகாலம் தொடங்குமுன் வந்து சேர்ந்துவிடு என்று பவுல் கேட்கும் இடம். நாள் முழுக்க அது தன் காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததாகப் போன்ஹோஃபர் எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை. இதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்றும் எழுதுகிறார். ஆகும் என்று யாராவது சொல்லக்கூடும் என அவருக்குத் தெரியும். வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை ஆணையாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தின் ஆபத்தை அறிந்த அறிஞர் அவர்.

அந்த வசனம் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பவுல் ரோமாபுரியில் காவலில் இருக்கிறார். தேமா அவரை விட்டுப் போய்விட்டான். லூக்கா மட்டுமே கூட இருக்கிறான். துரோவாவில் கார்ப்பு என்பவன் வீட்டில் ஒரு மேலங்கியை விட்டு வந்திருக்கிறார், வரும்போது அதை எடுத்துவா என்கிறார். புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கேட்கிறார். குளிர் வரப்போகிறது, மாரிகாலத்தில் மத்தியதரைக் கடலில் கப்பல் ஓடாது, அதற்குப் பிறகு புறப்பட்டால் வந்து சேர முடியாது. இதில் உபதேசம் எதுவும் இல்லை. சிறையில் இருக்கும் ஒரு கிழவர், தான் மகனாக நினைக்கும் ஒருவனிடம் சீக்கிரம் வா என்கிறார், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் அதை வாசித்தவருக்கும் சிறையில் ஆட்கள் இருந்தார்கள். அறிக்கைச் சபையின் முன்னணிப் போதகர் மார்ட்டின் நீமோலர் 1937 ஜூலையில் கைதாகி, அப்போது சாக்சன்ஹாசன் முகாமில் கிடந்தார். ஃபின்கன்வால்டேயில் தன்னிடம் படித்த இளம் போதகர்கள் ஒவ்வொருவராய் விசாரணைக்கும் காவலுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். போர் வந்தால் அட்லாண்டிக்கில் அவருக்குக் கப்பல் கிடைக்காது. ஆக அந்த வசனம் பவுலின் வாயில் என்ன பொருள் தந்ததோ, அதே பொருளைத்தான் அவருக்கும் தந்தது. வழி அடைபடுமுன், கட்டுண்டிருப்பவர்களிடம் போய்ச் சேர். வசனம் அவருக்காக வளையவில்லை. அது கேட்பதைச் செய்யவேண்டிய இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அகதிகள் ஊழியம் வேண்டாம் என்ற முடிவை அவர் ஆறு நாளுக்கு முன்பே எடுத்துவிட்டார். வசனம் அந்த முடிவை எடுத்துத் தரவில்லை, இனியும் நாள் கடத்தாதே என்று அவசரப்படுத்தியது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் சிறுசிறு அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வரிசையில் போய் ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து, வெளியே வந்து வெளிச்சத்தில் வாசிப்பார்கள். அந்த ஆண்டுக்குத் தேவன் தனக்குத் தந்த வார்த்தை அது. வீட்டில் அம்மாமார் அதைப் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்பார்கள். பழைய ஆண்டுகளின் அட்டைகள் மஞ்சளேறி வரிசையாக இருக்கும். மகனுக்கு வேலை இல்லாத ஆண்டு, கணவர் மருத்துவமனையில் கிடந்த ஆண்டு என்று ஒவ்வொரு அட்டைக்கும் அவர்களிடம் ஒரு கதை உண்டு. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட என்னால் முடியாது. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தைக் கடந்த பெண்களின் ஜெபம் எத்தனை உண்மையானது என்று எனக்குத் தெரியும். போன்ஹோஃபரே தினமும் வாசித்தது, ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலுள்ள மொராவியச் சகோதரர்கள் சீட்டுப்போட்டு எடுக்கும் பழைய ஏற்பாட்டு வசனங்களைத்தான். 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகி வரும் நூல் அது. அந்தச் சகோதரர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து, ஊருக்கு அருகில் தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள்.

ஆனாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. அட்டைகளில் அச்சாகும் வசனங்கள் எல்லாம் என்னைப் பற்றியவை. உன்னை ஆசீர்வதிப்பேன், உன் எல்லையைப் பெரிதாக்குவேன், உன்னை விட்டு விலகேன் என்பவை. கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவா என்ற வசனம் அந்தத் தட்டில் இருக்காது. அதற்குள் இருப்பது இன்னொருவனுடைய குளிர். தேவசித்தம் என்றால் எனக்கென்று தேவன் மறைத்து வைத்திருக்கும் ஒரு திட்டம், அதைக் கண்டுபிடித்துவிட்டால் என் படிப்பும் கலியாணமும் வீடும் சரியாக அமையும் என்ற எண்ணத்திலேயே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஆகவே நம் கேள்வி எப்போதும் ‘நான் எங்கே போக வேண்டும்’ என்பதாக இருக்கிறது. நியூயார்க் வாரங்களில் போன்ஹோஃபரை வதைத்தது வேறு கேள்வி: நான் யாருடைய ஆள்? நீபூருக்கு எழுதிய கடிதத்திலும் அவர் சொன்னது இதைத்தான். தன் நாட்டுக் கிறிஸ்தவர்களோடு இந்தச் சோதனைக் காலத்தைப் பங்கிட்டுக்கொள்ளாவிட்டால், போருக்குப் பிறகு அவர்களோடு சேர்ந்து எதையும் திரும்பக் கட்டத் தனக்கு உரிமை இருக்காது என்று எழுதினார்.

அப்படியானால் புறப்பட்டுப் போனவர்கள் எல்லாம் கீழ்ப்படியாதவர்களா? இல்லை. 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இறையியலாளர் பால் டில்லிக்கை அப்படிச் சொல்ல முடியாது. சபீனாவின் குடும்பம் போகாமல் இருந்திருந்தால் அது பைத்தியக்காரத்தனம். நீபூரும் லேமனும் அவரைக் காப்பாற்ற நினைத்ததும் அன்பினால்தான், அந்த அன்பிலும் தேவன் இருந்தார். இந்தச் சிக்கலை அப்போஸ்தலர் நடபடிகளின் 21ஆம் அதிகாரம் அப்படியே வைத்திருக்கிறது. பவுல் ஆவியானவரால் உந்தப்பட்டு எருசலேமுக்குப் போகிறார். தீருவிலுள்ள சீஷர்கள் அதே ஆவியின் ஏவுதலால் போகவேண்டாம் என்கிறார்கள். செசரியாவில் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக் காட்டுகிறான். எல்லாரும் அழுகிறார்கள். பவுல் இசையவில்லை. முடிவில், கர்த்தருடைய சித்தம் நடக்கட்டும் என்று அமைந்துவிடுகிறார்கள். யார் சரி என்று லூக்கா எழுதவில்லை. ஒரே ஆவியானவரைக் கேட்டவர்கள் இருவேறு முடிவுக்கு வந்து பிரிந்து போகிறார்கள். தீருவின் கடற்கரையில் முழங்காற்படியிட்டு ஒன்றாக ஜெபித்தபின் பிரிகிறார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லத் தவறவில்லை. சபையில் ஒருவருக்கு ஒரு விதமாகவும் இன்னொருவருக்கு வேறு விதமாகவும் தேவசித்தம் தோன்றும்போது, யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று பாய்கிறவர்கள் இந்த அதிகாரத்தை மெதுவாக வாசிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகப் பயம் தருவது, தேவசித்தம் என்ற சொல்லை அடுத்தவர்மேல் வைக்கும் வழக்கம். 1933இல் ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட கூட்டம், ஹிட்லரின் எழுச்சியில் தேவனுடைய கரத்தைக் கண்டதாகப் பிரசங்கித்தது. நாட்டுக்கு வேலை கிடைத்தது, பெருமை திரும்பியது, சபைகள் நிரம்பின, ஆகவே இது கர்த்தரால் ஆயிற்று என்றார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில் அவர்களே பெரும் வெற்றி பெற்றார்கள். இறையியலாளர் கார்ல் பார்த் முன்னின்று வரைந்து, 1934 மே மாதம் பார்மன் நகரில் ஏற்கப்பட்ட அறிக்கை இதற்கு எதிராகத்தான் எழுந்தது. வரலாற்றில் வெற்றி பெற்றதையெல்லாம் பார்த்துத் தேவனின் குரல் என்று சொல்லக்கூடாது, சபை கேட்கவேண்டிய வார்த்தை இயேசு கிறிஸ்து ஒருவரே என்றது அது. திறந்த கதவையெல்லாம் தேவசித்தம் என்று படிக்கும் நம் பழக்கத்தோடு பார்மன் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நாம் எவ்வளவு வழுக்கும் இடத்தில் நிற்கிறோம் என்பது புரிகிறது.

நம் துக்க வீடுகளிலும் தேவசித்தம் என்ற சொல்லைச் சொல்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், உடல் வீட்டைவிட்டுப் போகுமுன்பே, ‘கர்த்தருக்குச் சித்தம், என்னம்மா செய்ய’ என்கிறோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணிக்குப் போன யாத்திரிகர்களும் குமரிக் கடற்கரையின் மீனவக் குடும்பங்களும் சுனாமியில் போனபோதும் அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் உண்டு. கெத்செமனே தோட்டத்தில் இயேசு வேறு விதமாகத்தான் ஜெபித்தார். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று முதலில் கேட்டார், வியர்வை இரத்தத்துளிகளாய் விழக் கேட்டார், மூன்று முறை கேட்டார். பிதாவின் சித்தம் ஆகட்டும் என்ற வார்த்தையை அவருக்காக வேறு யாரும் சொல்லவில்லை, பேதுருகூடச் சொல்லவில்லை. தன் சிலுவையைப் பற்றி ஒருவர் தானே சொல்லவேண்டிய வார்த்தையை அடுத்தவர் வாயில் திணிக்க எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. அடிக்கிற கணவனோடு இருப்பதுதான் தேவசித்தம் என்று பெண்களிடம் சொல்லி அனுப்பும் ஆலோசனைகளைப் பற்றியும் இதையேதான் சொல்வேன்.

பிற்காலத்தில் போன்ஹோஃபர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட, அவர் இறந்தபின் 1949இல் வெளியான ‘அறவியல்’ நூலில், தேவசித்தத்தைப் பகுத்தறிவது பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ரோமர் 12ஆம் அதிகாரத்தை வைத்து எழுதியது. தேவசித்தம் ஒருதடவை எழுதிக் கொடுத்துவிட்ட சட்டம் அல்ல என்கிறார். பல சாத்தியங்களுக்கு அடியில் அது மறைந்து கிடக்கலாம், ஒவ்வொரு சூழலிலும் புதிதாகச் சோதித்தறிய வேண்டும் என்கிறார். அதற்கு இருதயமும் அறிவும் அனுபவமும் கண்திறந்து பார்ப்பதும் எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும். புத்தியை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளுணர்வில் தேவன் பேசுவார் என்று உட்கார்ந்திருப்பதை அவர் ஏற்கவில்லை. விவரங்களை விசாரிப்பதும் விளைவுகளை எடைபோடுவதும்கூட அவருக்கு ஜெபத்தோடு சேர்ந்தவை.

அப்படிச் சோதித்தறியும்போது ஒரு நல்லதை விடவும் நேரிடும். இந்தியாவோடு அவருக்கு இருந்த தொடர்பு அப்படிப்பட்டது. மலைப்பிரசங்கத்தை வாழ்ந்து காட்டும் ஒருவரிடம் கற்க வேண்டும் என்று இந்தியா வர அவர் பல ஆண்டுகள் ஏங்கினார். இங்கிலாந்துப் பிஷப் ஜார்ஜ் பெல் பரிந்துரைத்து எழுத, 1934 நவம்பரில் காந்தி, தம் ஆசிரமத்துக்கு வரும்படி கடிதமும் அனுப்பினார். ஆனால் 1935இல் ஃபின்கன்வால்டேயை நடத்தும் பொறுப்பு வந்தது. இந்தியப் பயணம் கடைசிவரை நடக்கவில்லை. அந்த ஏக்கம் தேவனுக்குப் புறம்பானது என்று நான் நினைக்கவில்லை. நல்லவையான இரண்டில் ஒன்றை விடவேண்டிய நாட்கள் விசுவாசிக்கு வரும், விட்டது பாவமாக இருந்தால்தான் விட்டோம் என்று கணக்குச் சொல்ல முடியாது.

1939 ஜூலை 7 நள்ளிரவில் நியூயார்க்கிலிருந்து அவர் கப்பல் புறப்பட்டது. இங்கிலாந்தில் சபீனா வீட்டில் சில நாள் தங்கி, அந்த மாதக் கடைசியில் பெர்லின் வந்து சேர்ந்தார். செப்டம்பர் 1இல் போர் தொடங்கியது. பிறகு ஹிட்லருக்கு எதிரான சதியில் இணைந்தார். 1943 ஏப்ரல் 5 அன்று கைதானார். டேகல் சிறையிலிருந்து அந்த டிசம்பரில் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதுகையில், 1939இல் திரும்பி வந்ததற்காக ஒரு கணமும் வருந்தவில்லை, முழு அறிவோடும் நல்ல மனச்சாட்சியோடும்தான் வந்தேன் என்றார். நியூயார்க்கில் தன் நோக்கங்களைத் தானே நம்பாமல் தவித்தவர், நாலரை ஆண்டு கழித்து, சிறையில் இருந்துகொண்டு இதை எழுதினார். அந்தத் தெளிவு அவருக்கு முன்கூட்டிக் கிடைக்கவில்லை. அந்த வழியில் நடந்து, அதற்கான விலையையும் கொடுத்த பிறகே கிடைத்தது.

1944 செப்டம்பரில் அவருக்கு இன்னொரு கதவு திறந்தது. டேகல் சிறைக் காவலர் ஒருவர் அவரோடு தப்பிச் செல்லச் சம்மதித்தார். குடும்பத்தார் ஒரு மெக்கானிக்கின் உடுப்பையும் பணத்தையும் உணவுச் சீட்டுகளையும் பொட்டலம் கட்டி அந்தக் காவலரிடம் சேர்த்தார்கள். நாள் குறிக்கவேண்டியதுதான் பாக்கி. அதற்குள், அக்டோபர் 1 அன்று, அண்ணன் கிளாஸைக் கெஸ்டபோ கைது செய்தது. மறுநாள் அந்தக் காவலர் வழியாக வீட்டுக்குத் தகவல் வந்தது. திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன், இப்போது நான் தப்பினால் அண்ணன் வழக்கு மோசமாகும், அப்பா அம்மாவையும் மரியாவையும் தேடி வருவார்கள் என்பது செய்தி. மரியா அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண். ஒரு வாரத்தில் அவரைக் கெஸ்டபோவின் நிலவறைச் சிறைக்கு மாற்றினார்கள். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். இரண்டு வாரத்தில் கிளாஸையும் பெர்லினில் சுட்டுக் கொன்றார்கள். தம்பி தப்பாமல் இருந்தும் அண்ணனைக் காப்பாற்ற முடியவில்லை. அப்படி முடிந்ததைக் காட்டி அவர் அக்டோபரில் எடுத்த முடிவு தவறு என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அன்று அவர் முன்னால் இருந்தது கைதான ஓர் அண்ணனும், வயதான பெற்றோரும், ஓர் இளம்பெண்ணும்தான்.